போர்பன் விஸ்கி: தானியம் முதல் பாட்டில் வரை, வரிசை தப்பாமல்

அமெரிக்காவில், குறிப்பாகக் கென்டக்கியில், உரிமம் பெற்ற ஒரு சிறிய டிஸ்டில்லரியின், அதாவது மது வடிக்கும் ஆலையின், உற்பத்திப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேலைக்குச் சேருபவர்கள் முதல் நாள் நேராக, வடிக்கும் கலனான செம்பு ஸ்டில்லின் முன்னால் போய் நிற்பார்கள். ஆனால் கெட்டுப்போன விஸ்கியின் காரணத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் அது ஸ்டில்லுக்கு நான்கைந்து நாள் முன்னால், தானியம் வெந்த இடத்திலோ புளித்த தொட்டியிலோதான் இருக்கும். ஒரு படியில் விட்டதை அடுத்த படியில் பிடிக்க முடியாத வேலை இது. அதனால் ஒவ்வொரு படியையும் ஏன் அந்த இடத்தில் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் லேபிளை முடிவு செய்யுங்கள்

தானியம் வாங்குவதற்கு முன்பே, பாட்டிலில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தீர்மானித்துவிட வேண்டும். லேபிளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சட்ட அளவு இருக்கிறது. அது ஆண்டுகளுக்கு முந்தைய படிகளைக் கட்டுப்படுத்தும்.

‘போர்பன்’ என்று போட, தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 160 புரூஃபுக்கு மேல் வடிக்கக் கூடாது. உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில், 125 புரூஃபுக்கு மேற்படாமல் நிரப்ப வேண்டும். பாட்டிலில் 80 புரூஃபுக்குக் குறையக் கூடாது. நிறமோ சுவையூட்டியோ சேர்க்க முடியாது. அமெரிக்காவில் புரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு. 80 புரூஃப் என்றால் 40 சதவீதம்.

‘ஸ்ட்ரெயிட்’ என்ற சொல் வேண்டுமென்றால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும். அது 4 ஆண்டுக்குக் குறைந்தால், வயதை லேபிளில் காட்டியே ஆக வேண்டும்.

‘பாட்டில்ட் இன் பாண்ட்’ இன்னும் கறாரானது. 1897-ல் வந்த சட்டம் அது. ஒரே டிஸ்டில்லரி, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு பாண்ட் கிடங்கு (வரி கட்டுவதற்கு முன் சரக்கை வைக்க அனுமதி பெற்ற கிடங்கு), சரியாக 100 புரூஃப். பருவம் என்பது ஜனவரி முதல் ஜூன் வரை, அல்லது ஜூலை முதல் டிசம்பர் வரை. ஜூன் கடைசியில் வடித்ததையும் ஜூலை முதல் வாரத்தில் வடித்ததையும் ஒரே தொகுதியாக நினைத்துக் கிடங்கில் கலந்து அடுக்கிவிட்டு, நான்கு ஆண்டு கழித்துப் பிரிக்க முடியாமல் முழிப்பவர்கள் உண்டு. இதை முதல் நாளே முடிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

2. உரிமம் கையில் வரும்வரை அடுப்பு மூட்ட வேண்டாம்

வீட்டில் பீரும் ஒயினும் செய்துகொள்ள அமெரிக்க மத்திய சட்டம் இடம் தருகிறது. அதை வைத்து விஸ்கிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு கதை. ஆல்கஹாலை வடிக்க, கருவூலத் துறையின் கீழ் வரும் டி.டி.பி. அலுவலகத்தின் டிஸ்டில்லரி உரிமம் வேண்டும். வீட்டிலோ, வீட்டோடு ஒட்டிய கொட்டகையிலோ, முற்றத்திலோ டிஸ்டில்லரி அமைக்க முடியாது. மாநில அனுமதி தனி.

விண்ணப்பத்தில் இடத்தையும் கருவிகளையும் விவரிக்க வேண்டியிருப்பதால், அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்திலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பணத் திட்டத்தில் இதைச் சேர்க்காதவர்கள் முதல் மேஷ், அதாவது தானியமும் தண்ணீரும் சேர்ந்த கூழ், போடுவதற்கு முன்பே கையைக் கடித்துக்கொள்கிறார்கள்.

கூடவே தேவையானவை: நல்ல தெர்மாமீட்டர் இரண்டு, அமிலத்தன்மை அளக்க பி.எச். மீட்டர், சர்க்கரை அளக்க ஒரு ஹைட்ரோமீட்டர், ஆல்கஹால் அளக்க இன்னொன்று, அயோடின் பாட்டில், பக்கம் எண் போட்ட ஒரு நோட்டு. ஆல்கஹால் அளவு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 15.6 செல்சியஸை, அடிப்படையாகக் கொண்டது. சூடான திரவத்தில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்த எண்ணை அப்படியே எழுதினால் தவறு. வெப்பத் திருத்த அட்டவணையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

3. தானியமும் தண்ணீரும்

தானியக் கலவையை மேஷ் பில் என்பார்கள். மக்காச்சோளம் இனிப்பையும் கனத்தையும் தரும். ரை என்ற தானியம் காரத்தைத் தரும். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி சுவைக்காக மட்டும் வருவதில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம்கள் அதில்தான் இருக்கின்றன. ரைக்குப் பதில் கோதுமை போட்டால் சுவை மென்மையாகும். கென்டக்கியின் மேக்கர்ஸ் மார்க் டிஸ்டில்லரி அப்படித்தான் செய்கிறது: 70 சதவீதம் மக்காச்சோளம், 16 கோதுமை, 14 மால்ட் பார்லி. அங்கேயே இருக்கும் ஃபோர் ரோஸஸ் டிஸ்டில்லரி 35 சதவீதம் ரை வரை போகிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: மால்ட் பார்லியை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். பெரிய டிஸ்டில்லரிகள் 5 சதவீதத்தில் ஓட்டுகின்றன என்றால், அவர்களிடம் அனுபவமும், தேவைப்பட்டால் கடையில் வாங்கிய என்சைமும் இருக்கின்றன.

லாரி வந்ததும் மாதிரியை எடுத்துப் பாருங்கள். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கை மக்காச்சோளத்தை மைக்ரோவேவில் சூடாக்கி முகர்ந்தால், குளிர்ந்த தானியத்தில் ஒளிந்திருக்கும் பூஞ்சை வாடை வெளியே வந்துவிடும். அந்த வாடை வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பூஞ்சை வாடை ஸ்டில்லைத் தாண்டி வரும், பீப்பாயையும் தாண்டி வரும்.

தண்ணீரில் இரும்பு இருக்கக் கூடாது. இரும்பு விஸ்கியைக் கறுப்பாக்கும், சுவையையும் கெடுக்கும். கென்டக்கியின் சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் நீரில் இரும்பு குறைவு, கால்சியம் அதிகம். ஈஸ்ட்டுக்கு அது தோது. உங்கள் ஊர்க் குழாய் நீரில் குளோரின் இருந்தால் கார்பன் வடிகட்டி அவசியம்.

அரைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரவையை விடச் சற்று மெல்லிய பதம் போதும். பெரிய துண்டு இருந்தால் உள்ளே வேகாது. மாவாகவே அரைத்தால் கட்டி தட்டும், தூசியும் பறக்கும். தானியத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. அரவை அறையில் வெல்டிங் வேலை கூடவே கூடாது.

4. பேக்செட்: பழைய வடிப்பின் புளிப்பு

முந்தைய வடிப்பில் ஆல்கஹால் போக மிஞ்சிய புளித்த நீர்தான் பேக்செட். அதில் ஒரு பங்கைப் புதிய மேஷில் சேர்ப்பதுதான் சவர் மேஷ். மொத்தத் திரவத்தில் இருபது முதல் முப்பது சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். 1830-களில் கென்டக்கியில் டாக்டர் ஜேம்ஸ் க்ரோ இதை அளந்து, ஒழுங்குபடுத்திச் செய்தார். இன்று ஏறக்குறைய எல்லா போர்பனும் இப்படித்தான் வருகிறது.

இதை நம் இட்லி மாவுக்குப் பழைய மாவு சேர்ப்பது போல என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது இல்லை. பேக்செட் ஸ்டில்லில் கொதித்து வந்தது, அதில் உயிருள்ள ஈஸ்ட் ஒன்றும் கிடையாது. அதன் வேலை அமிலம். பி.எச். 5.2 பக்கம் இறங்கினால் என்சைமும் ஈஸ்ட்டும் நன்றாக வேலை செய்யும், வேண்டாத பாக்டீரியா தலைதூக்காது. ஒரு நாளின் மேஷும் மறுநாளின் மேஷும் ஒரே மாதிரி அமைய இதுவே பெரிய உதவி.

முதல் மேஷுக்குப் பேக்செட் இருக்காது. உணவுத்தர லாக்டிக் அமிலம் சேர்த்து பி.எச்.-ஐச் சரி செய்துகொள்ளலாம். பேக்செட்டைச் சூடாக இருக்கும்போதே எடுத்துப் பயன்படுத்துங்கள். இரண்டு நாள் திறந்த தொட்டியில் கிடந்ததைச் சேர்த்தால் கிருமியையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள்.

5. வேகவைத்தல்: சூடு இறங்கும் வரிசை

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்துச் சொல்லிக்கொடுப்பேன். மூன்று தானியத்தையும் ஒன்றாகக் கொட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு இருக்கிறது. அதிகச் சூடு தேவைப்படுவது முதலில் போக வேண்டும்.

தண்ணீரையும் பேக்செட்டையும் ஊற்றி, கலக்கியை ஓடவிட்டு, மக்காச்சோள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். அதோடு மால்ட்டில் ஒரு சிறு பங்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். மக்காச்சோளம் வேக ஆரம்பித்ததும் பசை போல இறுகும். கலக்கி மோட்டாரே நின்றுவிடும் அளவுக்கு இறுகியதைப் பார்த்திருக்கிறேன். சூடு ஏறும் வழியில் அந்தச் சிறு மால்ட் பசையை இளக்கிக் கொடுத்துவிட்டுத் தன் கடமையை முடித்துக்கொள்ளும்.

அப்புறம் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல், கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அரை மணி நேரமாவது வைத்திருங்கள். மக்காச்சோளத்தின் மாவுச்சத்து முழுவதும் விரிந்து வெளிவர இந்தச் சூடு வேண்டும்.

75 டிகிரி பக்கம் இறங்கியதும் ரை. கொதிக்கும் மேஷில் ரையைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். வெளியே பசை, உள்ளே காய்ந்த மாவு. அந்த உருண்டை கடைசிவரை கரையாது. கிருமி ஒளிந்துகொள்ளவும் அதுதான் இடம்.

64 டிகிரி வந்த பிறகே மீதி மால்ட். 70-ஐத் தாண்டினால் என்சைம்கள் வேகமாகச் செயலிழக்கும். அவசரத்தில் 75-லேயே மால்ட்டைப் போட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். மேஷ் கமகமவென்றுகூட இருக்கும். ஆனால் சர்க்கரை வராது. தெர்மாமீட்டரை ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் வைத்துப் பார்ப்பதும் இதே குழியில்தான் தள்ளும். சுவர் ஓரம் குளிர்ந்திருக்கும், நடுவில் இன்னும் கொதிக்கும். கலக்கிவிட்டு, இரண்டு இடத்தில் பாருங்கள்.

அரை மணி கழித்து அயோடின் சோதனை. வெள்ளைத் தட்டில் மேஷின் தெளிந்த நீர் ஒரு சொட்டு, அதன் மேல் அயோடின் ஒரு சொட்டு. கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் பாக்கி. அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நின்றால் வேலை முடிந்தது. தானியத் துகள் தட்டில் விழுந்தால் அந்தத் துகள் மட்டும் கறுக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

6. நொதித்தல்: நான்கு நாள் பொறுமை

மேஷை வேகமாகக் குளிர்வித்து, 25 டிகிரி பக்கம் வந்ததும் ஈஸ்ட்டைச் சேர்க்கவும். ‘வேகமாக’ என்று சொல்லக் காரணம், 35 முதல் 50 டிகிரி வரையிலான சூட்டில் பாக்டீரியா செழித்து வளரும். அந்த இடைவெளியில் மேஷ் மணிக்கணக்கில் கிடக்கக் கூடாது.

எந்த ஈஸ்ட் என்பது சின்ன விஷயம் இல்லை. ஃபோர் ரோஸஸ் இரண்டு மேஷ் பில்லையும் ஐந்து ஈஸ்ட்டையும் வைத்துப் பத்து வகை விஸ்கி வடிக்கிறது. ஒரே தானியத்தில் ஈஸ்ட் மட்டும் மாறினாலே பழவாசனையும் பூவாசனையும் மாறிவிடுகின்றன. நீங்கள் முதல் ஆண்டு ஒரே ஈஸ்ட்டில் நில்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும்.

முதல் நாள் மேலே தானியம் மிதந்து தொப்பி போல நிற்கும். இரண்டாம் நாள் அடியிலிருந்து குமிழி பொங்கி, யாரும் கலக்காமலேயே தொட்டி முழுவதும் சுழலும். நான்காம் நாள் வாக்கில் ஆட்டம் அடங்கி, மக்காச்சோள எண்ணெய் மஞ்சள் திட்டுகளாக மேலே தெரியும். அப்போது விரலில் தொட்டு நக்கினால் இனிப்பே இருக்காது, புளிப்பு மட்டும். ஹைட்ரோமீட்டரும் தண்ணீரின் அளவான 1.000 பக்கம் வந்திருக்கும். ஆல்கஹால் 8 முதல் 10 சதவீதம். இதை டிஸ்டில்லர்ஸ் பீர் என்பார்கள்.

சூடு 32-33 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் தானே சூட்டை உண்டாக்கும். சூடு ஏறினால் அது களைத்துப் பாதியில் நின்றுவிடும், சர்க்கரை மிஞ்சும். மறுபக்கம், முடிந்த பிறகும் தொட்டியில் விட்டுவைத்தால் வினிகர் வாடை ஏறும். சனிக்கிழமை மேஷ் போட்டால் எந்தக் கிழமை வடிப்பு, அன்று ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தொட்டிக்குள் தலையை நீட்டி முகராதீர்கள். மேலே நிற்பது கார்பன் டை ஆக்சைடு. மூக்கில் சுரீரென்று ஏறும், அதிகமானால் ஆளைச் சாய்த்துவிடும். காலித் தொட்டியைக் கழுவ இறங்கும்போதும் காற்றோட்டம் கொடுத்து, அளந்து பார்த்து, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

7. வடித்தல்

முதலில், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குக் குளிர்நீரைத் திறந்து, ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகே நீராவி. இந்த வரிசை மாறினால் குளிராத ஆல்கஹால் ஆவி அறைக்குள் வரும். ஒரு பொறி போதும்.

கென்டக்கியின் பெரிய டிஸ்டில்லரிகளில் உயரமான, தூண் வடிவக் ‘காலம்’ (column) ஸ்டில் இருக்கும். பீர் மேலே நுழையும், நீராவி கீழிருந்து ஏறும். இடையில் துளைத் தட்டுகளில் இரண்டும் சந்திக்க, ஆல்கஹால் ஆவியாகி மேலே போகும். தானியத்தை வடிகட்டாமல் அப்படியே அனுப்புவது அமெரிக்க வழக்கம். அதனால் பீர் தொட்டியின் கலக்கி நிற்கவே கூடாது. நின்றால் தானியம் அடியில் தங்கி, ஒரேயடியாகப் போய்த் தட்டுகளை அடைத்துவிடும்.

இந்தத் தூண் ஸ்டில்லிலிருந்து வருவது சுமார் 110 முதல் 125 புரூஃப். அதை டபுளர் என்ற செம்புப் பானையில் இரண்டாம் முறை வடித்தால் 130-140 புரூஃப். சட்டம் 160 வரை விட்டாலும் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. புரூஃப் ஏற ஏறத் தானியத்தின் சுவை கழன்றுகொண்டே போகும். ஸ்டில் செம்பில் இருப்பதற்கும் காரணம் உண்டு: புளித்த மேஷில் வரும் கந்தக வாடையைச் செம்பு பிடித்துக்கொள்ளும்.

பானை ஸ்டில்லில் வடிக்கும் சிறு டிஸ்டில்லரிகளுக்கு வெட்டு, அதாவது வடிந்து வருவதை எங்கே பிரிப்பது என்பது, முக்கியம். முதலில் வருவது நெயில் பாலிஷ் நீக்கி போல வாடை அடிக்கும், அதை ஒதுக்குங்கள். நடுவில் வருவதுதான் விஸ்கி. கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்போது நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். சிறு கிளாஸில் பிடித்து, தண்ணீர் கலந்து, முகர்ந்து வெட்டுங்கள். ‘பீப்பாய் எல்லாவற்றையும் சரி செய்துவிடும்’ என்று கடைசியில் வரும் வால் பகுதியை அதிகம் சேர்ப்பவர்கள், நான்கு ஆண்டு கழித்து அதே அட்டைப்பெட்டியைக் குடிப்பார்கள்.

டென்னசி விஸ்கி என்றால் இங்கே இன்னொரு படி. பீப்பாய்க்குப் போகுமுன் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டவிட வேண்டும். 2013-ல் வந்த மாநிலச் சட்டம் ஒரேயொரு விலக்கோடு இதைக் கட்டாயமாக்கியது. லிஞ்ச்பர்க்கில் ஜாக் டேனியல்ஸ் 10 அடி உயரக் கரிப் படுகையைப் பயன்படுத்துகிறது, கரியையும் தானே எரித்துச் செய்கிறது.

8. பீப்பாயில் நிரப்புதல்

வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். அமெரிக்க வெள்ளை ஓக். உள்ளே எவ்வளவு கருக்குவது என்பதற்கு நான்கு நிலைகள் உண்டு. நான்காம் நிலை சுமார் 55 நொடி நெருப்பு, உட்சுவர் முதலைத் தோல் போல வெடித்திருக்கும். வைல்ட் டர்க்கி டிஸ்டில்லரி அதைத்தான் வாங்குகிறது. கரியின் வேலை வடிகட்டுவது. அதன் பின்னால் நெருப்பில் சிவந்த மரத்திலிருந்துதான் வனிலா வாசனையும், கேரமல் சுவையும், நிறமும் வருகின்றன.

நிரப்பும் புரூஃபை யோசித்து வையுங்கள். 1962 வரை மேல்வரம்பு 110. அப்புறம் 125 ஆனது. 125-ல் நிரப்பினால் பீப்பாய் குறைவாகப் போதும், செலவு மிச்சம். குறைந்த புரூஃபில் நிரப்பினால் தண்ணீரில் கரையும் மரச் சர்க்கரை அதிகம் வரும். மேக்கர்ஸ் மார்க் 110-ல் நிற்கிறது, வைல்ட் டர்க்கி 115-ல். பணம் அனுமதித்தால் நானும் 115 பக்கம்தான் நிற்பேன்.

135 புரூஃபை 120-க்கு இறக்க, 100 லிட்டருக்குச் சுமார் 13 லிட்டர் தண்ணீர். ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்த அளவு சற்றுச் சுருங்கும். அதனால் மனக்கணக்கை நம்பாமல் அட்டவணையைப் பார்த்து, கலந்து, ஆறவிட்டு, மறுபடி அளந்து நிரப்புங்கள். 125-ஐத் தாண்டி நிரப்பிய பீப்பாயை போர்பன் என்று விற்க முடியாது.

காலிப் பீப்பாயில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, உருட்டி, ஒரு இரவு வைத்தால் பலகைகள் ஊறி இறுகும். ஒழுகல் இருந்தால் அப்போதே தெரியும். சிறு டிஸ்டில்லரிகள் 5, 10 கேலன் பீப்பாய்களை வாங்கி, சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கின்றன. நிறம் சீக்கிரம் வரும், அது உண்மை. ஆனால் காற்றும் காலமும் செய்யும் மாற்றம் அளவைப் பார்த்து வேகமாகாது. மரக்கசப்பு ஏறிய இளம் விஸ்கிதான் கிடைக்கும்.

9. கிடங்கு

பீப்பாயின் மூடித் துளை மேலே பார்த்தபடி அடுக்க வேண்டும். கீழே பார்த்தால் ஒழுகும், மாதிரியும் எடுக்க முடியாது. ரிக்ஹவுஸ் எனப்படும் பீப்பாய்க் கிடங்கில் பீப்பாயை மரத் தண்டவாளத்தில் உருட்டித்தான் உள்ளே தள்ளுவார்கள். எத்தனை சுற்று உருண்டு எங்கே நிற்கும் என்று கணக்கிட்டு, துளையைச் சற்றுத் திருப்பி வைத்து உருட்டினால் சரியாக உச்சியில் வந்து நிற்கும். ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும்.

கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் வெளியே வரும். மேல்தளம் சூடு, வறட்சி. அங்கே தண்ணீர் அதிகம் ஆவியாகி, புரூஃப் ஏறும். கீழ்த்தளம் குளிர்ச்சி, ஈரம். புரூஃப் ஏறாது, சில நேரம் இறங்கும். கென்டக்கியில் ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீதம் காற்றில் போய்விடும் என்று கணக்கு வையுங்கள். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க மேக்கர்ஸ் மார்க் பீப்பாய்களை இடம் மாற்றுகிறது. ஃபோர் ரோஸஸ் ஒற்றைத்தளக் கிடங்கு வைத்திருக்கிறது. மற்ற பலர் பல தளங்களிலிருந்து எடுத்துக் கலக்கிறார்கள். சிறு இடம் என்றால் கலப்பதே எளிது. அதற்கு ஒவ்வொரு பீப்பாயின் எண், நிரப்பிய தேதி, இருக்கும் இடம் மூன்றும் நோட்டில் இருந்தாக வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை மாதிரி எடுத்துப் பாருங்கள். பீப்பாய் பலத்தில் நாக்கில் விடாதீர்கள், இரண்டாவது மாதிரியிலேயே நாக்கு மரத்துப் போகும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முகர்ந்தால் குறைகள் தெளிவாகத் தெரியும்.

10. பாட்டிலில் அடைத்தல்

பீப்பாய்களைக் கொட்டும்போது கரித்துண்டுகளும் சேர்ந்து விழும். கரடு வடிகட்டி ஒன்று போதும். பிறகு தொட்டியில் கலந்து, ஒரு வாரமாவது ஓய்வுகொடுங்கள்.

புரூஃபைக் குறைக்கக் கிணற்று நீரை ஊற்றிவிடாதீர்கள். மேஷுக்கு நல்லதாக இருந்த அதே கால்சியம், பாட்டிலில் வெள்ளைப் படிவாக வந்து நிற்கும். தாதுக்கள் நீக்கிய நீரைப் பயன்படுத்துங்கள். ஒரே நாளில் ஊற்றாமல் சில நாட்களில் பகுதி பகுதியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கி, ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

46 சதவீதத்துக்குக் கீழே போனால், குளிரில் விஸ்கி கலங்கலாகத் தெரியும். எண்ணெய்ச் சத்துள்ள சேர்மங்கள் பிரிவதால் வருவது, கெடுதல் ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனங்கள் உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரவைத்து வடிகட்டி அதை நீக்குகின்றன. கூடவே கொஞ்சம் சுவையும் போகும். 100 புரூஃபில் அடைப்பவருக்கு அந்தக் கவலை குறைவு.

லேபிளுக்கு டி.டி.பி. ஒப்புதல் வந்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். பாண்ட் கிடங்கை விட்டு வெளியேறும்போது மத்திய வரி விழும்: ஒரு புரூஃப் கேலனுக்கு 13.50 டாலர், ஆண்டின் முதல் 1,00,000 புரூஃப் கேலனுக்குச் சலுகை விகிதம் 2.70 டாலர். புரூஃப் கேலன் என்பது 100 புரூஃபில் உள்ள ஒரு கேலன். காலியான பீப்பாயை உடைக்காதீர்கள். போர்பனுக்கு அது மறுபடி உதவாது, ஆனால் ஸ்காட்லாந்தின் விஸ்கிக்காரர்களும் ரம் செய்பவர்களும் விலை கொடுத்து வாங்குவார்கள். காய்ந்து பலகை விலகுவதற்குள் மூடித் துளையை அடைத்து, கொட்டிய வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.